இரட்டைப்படைப் பக்கங்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் அவளை எல்லோரும் 'கேளுங்கக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மேசைக்கு மேலே 'எங்களிடம் கேளுங்கள்' என்று ஒரு பலகை தொங்கும். எந்தக் குறும்புக்காரப் பிள்ளை ஆரம்பித்ததோ, பெயர் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருட வேலையில் முக்கால்வாசி, புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் முத்திரை குத்துவதுமாகப் போயிற்று. அப்புறம் நூலகம் மாறத் தொடங்கியது.

இரண்டு மாடி அலமாரிகளைக் கழற்றிவிட்டு, கண்ணாடிச் சுவர் வைத்த அறைகள் கட்டினார்கள். மாணவர்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசிப் படிக்கலாம். ஆசிரியர்கள் அடுத்த வாரப் பாடத்துக்கான கட்டுரைகளை நூலகத்துக்கு அனுப்பினால், பிள்ளைகளின் போனிலேயே அவை போய்ச் சேர்ந்தன. ஆய்வு செய்கிறவர்களுக்குத் தரவை எப்படிச் சேமிப்பது என்று சொல்லிக்கொடுக்கத் தனிப்பிரிவு வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். கேளுங்கக்காவுக்கோ ஒரே உற்சாகம். முன்பு மின்விசிறிக் காற்றுக்காக வந்து தூங்கிய பிள்ளைகள் இப்போது இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். நாற்பத்தேழு வயதில் கணினியோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டு, அந்தப் புதுப் பிரிவுக்குத் தானே கேட்டு வாங்கிப் போனாள்.

அங்கே அவளுக்கு வந்த முதல் பெரிய வேலை ஆய்வேடுகள். அறுநூற்றுப் பன்னிரண்டு ஆய்வேடுகளை ஒரு நிறுவனம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும். சரிபார்த்து அவள் கையெழுத்துப் போட்டதும் தாள் பிரதிகள் காகித ஆலைக்குப் போகும். அவை இருந்த அறையைக் காலி செய்து தரச் சொல்லி மேலிடம் நெருக்கியது. தலைக்குமேல் வேலை. முதல் இரண்டு பெட்டிகளிலிருந்து பத்து ஆய்வேடுகளை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகத் திரையோடு ஒப்பிட்டாள். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. கையெழுத்துப் போட்டாள். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், நிலத்தடி நீரைப் பற்றி ஆய்வு செய்கிற பெண் ஒருத்தி மடிக்கணினியோடு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த ஆய்வேட்டுல ஏதோ கோளாறு. பதினேழாம் பக்கம் இருக்கு, பத்தொன்பது இருக்கு, பதினெட்டைக் காணோம்."

"ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும்மா. இரு பார்க்கறேன்."

"ஒரு பக்கம் இல்லக்கா. இரட்டைப்படைப் பக்கம் எதுவுமே இல்ல."

கேளுங்கக்கா திரையை மேலும் கீழும் நகர்த்தினாள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. அந்த ஆய்வேட்டில் எழுத்தெல்லாம் தாளின் முன்புறம், அட்டவணைகள் பின்புறம். நூற்று நாற்பது கிணறுகளின் நீர்மட்டம், மாதம் மாதமாக, நான்கு வருடத்துக்கு. இருபது வருடத்துக்கு முன் ஒரு ஆசிரியர் சைக்கிளில் அலைந்து அளந்தது. அட்டவணை ஒன்றுகூட இல்லை.

பெட்டிகள் வருட வரிசையில் அடுக்கப்பட்டவை. அவள் சரிபார்த்த பத்தும் தட்டச்சுக் காலத்தவை. அப்போதெல்லாம் தாளின் ஒரு பக்கத்தில்தான் அடிப்பார்கள். பின்னாளில் இரண்டு பக்கமும் அச்சிடலாம் என்று விதி மாறியது. ஸ்கேன் செய்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக ஓட்டிவிட்டிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணினாள். இருநூற்று முப்பத்தெட்டு ஆய்வேடுகள் பாதி ஆய்வேடுகளாக இருந்தன.

ஆலைக்குப் போன் அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து நேரில் போனாள். வாசலைத் தாண்டியதும் ஒரு குவியலைப் பார்த்து அவளுக்கு உயிர் வந்தது. நீலமும் சிவப்புமாக ரெக்சின் அட்டைகள், தங்க எழுத்தில் பெயரும் வருடமும். ஓடிப்போய் ஒன்றைத் தூக்கினாள். கைக்கு லேசாக வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

மேஸ்திரி பின்னாலேயே வந்தார். "அட்டையை மெஷின் தின்னாதும்மா. பிச்சுப் போட்டுட்டுத் தாளை மட்டும்தான் உள்ள விடுவோம்."

"தாள் எங்கங்க இருக்கு?"

அவர் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினார். சாம்பல் நிறக் கூழ் சுழன்றுகொண்டிருந்தது. "இது நேத்து வந்த சரக்கு. உங்களுது போய் ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இந்நேரம் முட்டை அட்டையா ஆகியிருக்கும்." அவளது முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நூலகர் நல்ல மனிதர்தான், ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"பத்து வருஷத்துல அந்த அலமாரிப் பக்கம் வந்தவங்க முப்பத்தொரு பேரு. இனிமே யாராவது கேட்டா அப்பப் பார்த்துக்கலாம். நீங்க சும்மா இருங்க."

"அலமாரியில இருந்தப்ப முப்பத்தொண்ணு சார். இணையத்துல போட்ட மூணு மாசத்துல நாலாயிரம் தடவை திறந்திருக்காங்க."

"கையெழுத்து உங்களுது. ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "நாங்க நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துத்தான் அனுப்புவோம். உங்க ஆளுங்க முதுகைப் பார்க்கவே இல்ல போல" என்று சொல்லிவிட்டு, அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நூலகர் சொல்றபடி விட்டுரேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேங்க."

மறுநாள் இருநூற்று முப்பத்தெட்டு பதிவுகளிலும் 'இரட்டைப்படைப் பக்கங்கள் இல்லை. பிரதி உள்ளவர்கள் தொடர்புகொள்க' என்று எழுதி, கீழே தன் எண்ணைப் போட்டாள். வாரம் முடிவதற்குள் மெமோ வந்தது. புதுப் பிரிவிலிருந்து எடுத்து, பை வைக்கும் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். டோக்கன் கொடுத்துக்கொண்டே, ஆய்வேடு எழுதியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலர் சிடி அனுப்பினார்கள், எந்தக் கணினியும் அதைத் திறக்கவில்லை. ஒருவருடைய மனைவி, "அவர் போய் ஆறு வருஷமாச்சு. புஸ்தகம் இருக்கு, ஆனா கையில தரமாட்டேன்; இங்க வந்து படம் பிடிச்சுக்கோங்க" என்றாள். போய் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தாள். ஒருத்தர் கன்னாபின்னாவென்று திட்டினார், வாங்கிக்கொண்டாள்.

கிணறுகளை அளந்த ஆசிரியரை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஆய்வுப் பெண் தினமும் கவுண்டருக்கு வந்து நின்றாள். அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிய ஐந்து மாதம்தான். இன்றைய நீர்மட்டத்தை அவள் அளந்துவிட்டாள். ஒப்பிட வேண்டிய பழைய மட்டம்தான் இல்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை இருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள்.

எழுபது தாண்டியவர். ஆய்வேட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்கள் என்றதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். கேளுங்கக்கா நடந்ததைச் சொல்லி முடித்து, "உங்ககிட்ட ஒரு பிரதி இருக்குமே சார்" என்றாள்.

"ரிட்டையர் ஆனப்ப என் பிரதியையும் நூலகத்துக்குத்தானேம்மா கொடுத்தேன். பத்திரமா இருக்கட்டும்னு. நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்ட."

ஒரே ஆய்வேடு இரண்டு இருந்தால் ஒன்றைக் கழிக்கலாம் என்பது விதி. அந்த இரண்டாவது பிரதியை ஸ்கேனுக்கு முன்பே, அவள்தான் கழித்திருந்தாள்.

"குறிப்பு நோட்டு ஏதாவது, சார்?" என்று ஆய்வுப் பெண் கேட்டாள்.

"கரையான் தின்னுடுச்சு." அவர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று கேளுங்கக்கா நினைத்தாள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவுமாகத் திரும்பி வந்தார். கண்ணை மூடி யோசித்து எழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கிணறு, கோடையில் முப்பத்தெட்டு அடி. இடிந்த மதில் பக்கத்துக் கிணறு, நாற்பத்தொன்று. எழுதியதை அடித்துவிட்டு நாற்பத்து நான்கு என்று மாற்றினார். மறுபடி அடித்தார். ஒரு மணி நேரத்தில் ஒன்பது கிணறுகள் வந்தன.

"இதை வச்சுக்க முடியுமாம்மா?"

ஆய்வுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நினைவுல இருந்து சொன்னதை ஏத்துக்கமாட்டாங்க சார்."

"ஆமா. நானே வழிகாட்டியா இருந்திருந்தா ஏத்துக்கமாட்டேன்."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். கேளுங்கக்கா, "என்னை நல்லாத் திட்டிரும்மா" என்றாள். "திட்டினா பதினெட்டாம் பக்கம் வருமாக்கா?" என்றாள் அவள்.

அந்தப் பெண் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டு, சின்னதாக ஒரு ஆய்வேட்டைக் கொடுத்துப் பட்டம் வாங்கினாள். இருநூற்று முப்பத்தெட்டில் அறுபத்தொன்று முழுதாகக் கிடைத்தன. கேளுங்கக்கா இன்னும் பை வைக்கும் கவுண்டரில்தான் இருக்கிறாள். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, போன முறை எடுக்காத எண்ணை மறுபடி அடித்துப் பார்க்கிறாள்.