பெனால்டியும் சம்பந்தியும்

எங்கள் தீவு ஃபுட்பாலில் ஒரு வழக்கம் உண்டு. தமிழ் டீம் ஆடினால் விசில் பெங்காலிக்கோ தெலுங்குக்காரருக்கோ போகும். பெங்காலி டீம் தெலுங்கு டீமோடு மோதினால் என்னைக் கூப்பிடுவார்கள். எப்படியும் திட்டு விழும். ஆனால் ஆள் பார்த்து ஊதினான் என்ற பழியாவது வராது. அந்தச் சனிக்கிழமை தமிழ் டீமுக்கும் பெங்காலி டீமுக்கும் ஃபைனல். காற்று பலமாக அடித்ததில் போட் ஓடவில்லை. பக்கத்துத் தீவிலிருந்து வர வேண்டிய ரெஃபரி வரவில்லை. கடைசி நேரத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தமிழ் டீமில் டிஃபென்ஸ் ஆடியவன் என் மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை. மறுநாள் பூ வைக்க வருவதாக இருந்தார்கள். அவனுடைய அப்பா, அபர்டீன் பஜாரில் கடை வைத்திருப்பவர், மைதானத்தில் என் தோளில் கை போட்டார். "சம்பந்தி, நம்ம பசங்க. கொஞ்சம் பாத்து ஊதுங்க."

பார்த்துத்தான் ஊதினேன். அதுதான் வம்பாகிவிட்டது.

ஆட்டம் முடியப்போகிற நேரம். பெனால்டி பாக்ஸுக்குள் மாப்பிள்ளை பந்தைக் கையால் தட்டினான், என் கண் முன்னால். ஊதினேன். பெங்காலி டீம் கோல் போட்டு ஜெயித்தது. அவ்வளவுதான்! "ரெஃபரி சோர் ஹை!" என்று ஹிந்தியில் என்னைத் திருடனாக்கினார்கள். அது போதாதென்று தமிழில் என் அம்மாவை இழுத்தார்கள். ஒரு செருப்பு பறந்து வந்தது. கத்தியவர்கள் யார்? எனக்கு மீன் விற்பவர், என்னோடு ஆபீஸில் வேலை பார்ப்பவர், எல்லாம் தெரிந்த மூஞ்சிகள். எங்கே போய் முட்டிக்கொள்வது? இங்கே ஓடிப்போவதற்குக்கூடக் கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டும். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் சம்பந்திதான்.

சாயங்காலம் போன் செய்தார். "ஊருக்கு முன்னாடி எங்க மானமே போச்சு. பந்து கையில படல, தப்பா ஊதிட்டேன்னு டீம் பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாளைக்கு வர்றோம். இல்லேன்னா வர்றதா இல்ல."

"சொல்லித் தொலைங்களேன்!" என்றாள் மனைவி. "பொண்ணு வாழ்க்கை பெருசா, பெனால்டி பெருசா?"

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இருந்தாலும் என்ன செய்ய? சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

"இருங்கப்பா," என்றாள் மகள். "நானும் கேலரியிலதான் இருந்தேன். கையில பட்டதைப் பாத்தேன். மேட்ச் முடிஞ்சதும் அவர்கிட்டயே கேட்டேன். படவே இல்லைன்னு என் மேல சத்தியம் பண்ணினாரு."

என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மாமா, நாளைக்கு வர வேண்டாம்."