வீடியோவில் இருந்த பாடம்

குறைமாதத்தில் பிறந்த என் மகள் ஒரு மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும் முன், பாலாடையால் பால் புகட்டவும், புரையேறினால் என்ன செய்வதென்றும் நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். நான் செய்து பழகினேன். என் கணவரோ, "நான் வீடியோ எடுத்துக்கறனுங்க சிஸ்டர்" என்று போனோடு நின்றார்.

காரமடையில் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் நான் குளிக்கப் போனபோது அவர் பால் புகட்டியிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடி வந்தால், குழந்தைக்குப் புரையேறி உதடு நீலமாகியிருக்கிறது. மனுஷன் போனில் வீடியோவைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் குழந்தையை வாங்கிக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டியதும்தான் அழுதாள்.

"இதுலதான் இருந்துச்சு அம்மணி" என்கிறார்.

டாக்டரிடம் காட்டி வந்த பிறகு அந்த வீடியோவை நானே பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே நர்ஸ் சொல்கிறார்: "சார், போனை வெச்சுப்போட்டுக் குழந்தையத் தூக்குங்க."

இப்போதெல்லாம் போன் என் கைக்கு வந்தால்தான் பாலாடை அவர் கைக்குப் போகும்.