கடைசி பஸ்ஸுக்கு முன் ஒப்படைப்பு

எங்கள் மலை ஆஸ்பத்திரி வாசல்தான் கடைசி ஸ்டாப். சாயங்கால பஸ் மேலே வந்து ராத்திரி டியூட்டி நர்ஸை இறக்கிவிடும். அங்கேயே வளைத்துத் திரும்பி, பகல் டியூட்டி நர்ஸை ஏற்றிக்கொண்டு இறங்கிவிடும். அப்புறம் காலை வரை பஸ் கிடையாது. அதனால் நோயாளிகளை ஒப்படைப்பதே பஸ் படியில்தான் என்று ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. ஒருத்தி இறங்க, ஒருத்தி ஏற, எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, “மூணாம் பெட் காய்ச்சல், அஞ்சாம் பெட்டுக்கு டிரிப் ஓடுது, மத்ததெல்லாம் நல்லாருக்குதுக்கா” என்று முடிந்துவிடும். ஒரு மரவள்ளி மூட்டையை ஏற்றுகிற நேரம்கூட ஆகாது.

நான் இன்சார்ஜாக வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மலைமேல் திருப்புலி நாட்டு ஊர்க்காரப் பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை ஊசி போட்டாகிவிட்டது என்பதைச் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. இறங்கியவள் இன்னொரு ஊசி போட்டாள். விடிந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

வந்ததும் நான் போட்ட முதல் சட்டம், ஒப்படைப்பு இனிமேல் கட்டிலோரம் என்பது. இரண்டு பேரும் கட்டில் கட்டிலாகப் போய், போர்வையை விலக்கிப் பார்த்து, நோயாளியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கைப்பையைத் தொட வேண்டும். மலையடிவாரத்து வனத்துறை சோதனைச் சாவடியை நினைத்து எனக்குச் ‘செக்போஸ்ட்’ என்று பெயர் வைத்தார்கள். பஸ் டிரைவரிடம் போய், “ஏனுங்க, ஒரு பத்து நிமிசம் நிறுத்த முடியாதுங்களா?” என்று கேட்டேன்.

“என்ற கையில என்னங்க சிஸ்டர் இருக்குது? கீழ லேட்டாப் போனா எனக்கு மெமோங்க.”

டிப்போவிலும் கேட்டேன். பஸ் ஊருக்குத்தான் ஓடுகிறது, ஆஸ்பத்திரிக்கு இல்லை என்றார்கள். ஆகவே ஹாரன் அடிக்கும், கொஞ்சம் பொறுக்கும், போய்விடும். பெரும்பாலும் ஓடிப் பிடித்துவிடுவார்கள். தவறவிட்டவள் என் குவார்ட்டர்ஸில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துக்கொள்வாள். இன்சார்ஜ் வேலையே முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்கிற கதைதான்.

இந்தச் சட்டத்தை எதிர்த்து என்னோடு நேருக்கு நேர் சண்டை போட்டவள் ஒருத்திதான். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரி. கணவர் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார், ஒரு சின்னப் பெண் குழந்தை. மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள், இவள் முகத்துக்கு முன்னால் கத்துவாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

அன்று மழை. அவளுக்குப் பகல் டியூட்டி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. பஸ் வந்தது. ராத்திரி நர்ஸும் அவளும் அவசரமாகக் கட்டில்களைச் சுற்றினார்கள். கடைசிக் கட்டிலில், மத்தியானம் பிரசவித்த பெண். “நல்லாத்தானுங்க இருக்கறேன்” என்றாள் அந்தப் பெண். போர்வையை விலக்கினால், கீழே விரித்த துணியெல்லாம் ரத்தம்.

ராத்திரி நர்ஸ் ஊசி எடுக்கப் பிரசவ அறைக்கு ஓடினாள். நான் வந்து சேர்ந்தபோது இவள் ஒரு கையால் அந்த வயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தாள். இன்னொரு கையை அந்தப் பெண் இறுகப் பிடித்திருந்தாள். வெளியே ஹாரன் அடித்தது.

“நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு. கொழந்தைக்கு முடியலயில்ல” என்றேன். அவள், அந்தப் பெண்ணிடம் மாட்டியிருந்த தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “வாரேங்க்கா, இதோ” என்றாள். போகவில்லை. பஸ் போய்விட்டது. ஊசி வந்தது, டாக்டர் வந்தார், ரத்தம் நின்றது. அந்தப் பெண் பிழைத்தாள்.

என்னோடு தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்றேன். சொன்னால் கேட்கிற ஆளா அவள்? “அங்க புள்ள அனத்திக்கிட்டுக் கெடக்குது. இங்க படுத்தா எனக்குக் கண்ணு மூடுமாக்கா?” தெரிந்தவர் ஒருவர் டூவீலரில் கீழே போகிறார் என்று ஏறிக்கொண்டாள். ஈரத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கியது. ஓட்டியவருக்குக் கால் முறிவு. அவள் அங்கேயே போய்விட்டாள்.

துக்க வீட்டில் அவள் கணவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். “பஸ்ஸுக்குப் போக உடலீங்களாமா?” நான் போகச் சொன்னேன் என்று அவரிடமும் சொன்னேன், ஆஸ்பத்திரியிலும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. ராத்திரி நர்ஸ் திரும்பி வந்தபோது பார்த்தது என்னையும், போகாமல் நின்ற அவளையும்தான். அதன் பிறகு வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை என்னிடம் யாரும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் போனால் டிபன் பாக்ஸ்கள் மூடிக்கொள்ளும்.

டிரைவர் இப்போது எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார். மெமோ எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. எனக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறார்கள்.

தடுப்பூசி நாளன்று, அன்று பிழைத்த அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். எல்லா நர்ஸுகளும் இருந்தார்கள். “அந்தச் சிஸ்டர் எங்கீங்க? கொழந்தயக் காட்டோணும்னு வந்தனுங்க” என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் பஸ்ஸை விட்டதையும், வழியில் போய்விட்டதையும் நான்தான் சொன்னேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “நாந்தானுங்க” என்றாள். “நீங்க போகச் சொன்னது என்ற காதுல உழுந்துச்சுங்க. நாந்தான் கைய உடலீங்க.”

ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த அன்றைய ராத்திரி நர்ஸின் கை நின்றது. அத்தனை பேர் காதிலும் விழுந்திருந்தது. இத்தனை வாரமாக நான் யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த வார்த்தை. அந்தப் பெண்ணின் மடியில் குழந்தை முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. இவள் இந்தப் பழியைச் சுமந்துகொண்டா அதை வளர்க்கப் போகிறாள்?

“இல்ல கண்ணு” என்றேன். “அன்னிக்கு ரத்தம் போயி உனக்கு நெனப்பே இல்ல. போகக் கூடாதுன்னு சொன்னது நாந்தான்.”

“அப்படீங்களா?” என்றாள். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“நீங்கதான் அவளப் போக உடலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள் ராத்திரி நர்ஸ், என்னைப் பார்க்காமல். அடுத்த குழந்தையைக் கூப்பிடச் சொன்னேன்.