யூஜினி அன்ரியின் வாயசைவு

யூஜினி அன்ரி கனடாவின் அஜின்கோர்ட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மன்னார்க்காரி. சத்தமாகச் சிரிப்பார், அதைவிடச் சத்தமாக ஏசுவார். பின்சீற்றில் எழும்பி நிற்கிற பிள்ளை, கண்ணாடியில் அவர் ஒரு பார்வை பார்த்தாலே கப்பென்று இருந்துவிடும். 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகலில், அவருடைய கணவர் பேனாட்டை இலங்கை இராணுவம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். இன்றுவரை விடவில்லை.

இதைத்தான் எங்கள் திரைப்படக் குழு மௌனப் படமாக எடுத்தது. யோசனை றொய்சனுடையது; அவன்தான் இயக்குநர். நூறு வருடத்துக்கு முன்பு, படங்களுக்குக் குரல் வராத காலத்தில், இனப்படுகொலையில் தப்பிய ஓர் ஆர்மீனியப் பெண் அமெரிக்காவில் தன் கதையைத் தானே நடித்தாள். அதைப் பற்றி வாசித்த நாளிலிருந்து எங்கள் எல்லோருக்கும் பைத்தியம்! கறுப்பு வெள்ளை, ஒரு முகம், வாயசைவு, பிறகு திரை நிறைய எழுத்து அட்டை. அன்ரியும் கமெராவுக்கு முன்னால் இருந்து தன் கதையைச் சொன்னார். ஒலி பதியவில்லை.

"நல்லதாப் போச்சு. என்ர குரல் எனக்கே பிடிக்காது" என்று பகிடி விட்டார்.

போன சனிக்கிழமை மத்தியானம் நூலக அறையொன்றில் படத்தை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டினோம். திரையில் அவருடைய வாய் அசைந்தது. பிறகு அட்டை வந்தது.

'பேனாட் சரணடைந்தார். பின்னர் காணாமல் போனார்.'

அன்ரி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"ஆர் உதை எழுதினது?"

"நான்தான் அன்ரி" என்றான் றொய்சன். "ஏன், எழுத்துப் பிழையோ?"

"காணாமல் போனாரோ? எங்க போனவர்? வொண்டர்லாண்ட் பார்க்குக்கு விளையாடப் போய் வழி மாறிப் போட்டாரோ?"

"எல்லாரும் அப்பிடித்தானே அன்ரி எழுதுகினம். பேப்பரில, றேடியோவில..."

"பின்னேரம் என்ர பஸ்ஸில ஏறின பிள்ளை ஒண்டு வீட்டை போய்ச் சேரேல்லை எண்டு வை. தாய்க்காரி வந்து கேட்டா, பிள்ளை காணாமல் போட்டுது எண்டு நான் சொல்லேலுமோ? ஏத்தினது நான். நான்தான் பதில் சொல்லோணும். என்ர மனுசனை ஏத்தினவங்களுக்கு மட்டும் நீ ஏன்ரா வக்காலத்து வாங்குறாய்?"

றொய்சனுக்கும் ரோசம் வந்துவிட்டது. "இட்ஸ் ஜஸ்ட் எ கார்ட், அன்ரி! அதில நாலைஞ்சு சொல்லுக்கு மேல கொள்ளாது. விருப்பமில்லாட்டி விடுங்கோ. உங்களை மாதிரி முகமுள்ள ஆளைப் பிடிச்சுத் திருப்பி எடுப்பம்."

அந்த ஆர்மீனியப் பெண்ணுக்கும் இதையேதான் செய்தார்கள். ஊர் ஊராகப் படம் காட்டப் போன இடத்தில் அவளுக்கு உடம்பும் மனதும் விட்டுப்போனதும், அவளைப் போலவே இருந்த பெண்களைச் சம்பளத்துக்குப் பிடித்து மேடையேற்றினார்கள். அந்த அநியாயத்தை எங்களுக்குக் கொதிக்கக் கொதிக்கச் சொன்னவன் இதே றொய்சன்! எனக்கு இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

அன்ரி ஏசவில்லை. "திருப்பிப் போடு" என்றார். "அட்டை வர முதல் நிப்பாட்டு. என்ர வாயை வடிவாப் பார்."

படம் ஓடியது. திரையில் வாய் அசைய அசைய, பக்கத்தில் நின்று அதே சொற்களை அதே நேரத்தில் சொன்னார்.

"என்ர கையால குடுத்தனான். பஸ்ஸில ஏத்தினவங்கள். திருப்பித் தரேல்லை."

ஓர் எழுத்துக்கூட விலகவில்லை. 'கையால' என்ற இடத்தில் திரையில் இருந்த கையும் உயர்ந்தது, அவருடைய கையும் உயர்ந்தது.

"அசையிறது என்ர வாய், வாறது உன்ர சொல். உதுக்குப் பேர் சாட்சியோ? ஊரிலயும் அரசாங்கத்தாக்கள் காணாமல் போனார் எண்டு கடுதாசியில எழுதிப்போட்டுத்தான் கையெழுத்துக் கேட்டவங்கள். அவங்களுக்கே போடேல்லை. இஞ்ச வந்து உனக்குப் போடுவனோ?"

றொய்சன் தலையைக் குனிந்தபடி மடிக்கணினியை இழுத்து, அவர் சொன்னதை அடிக்கத் தொடங்கினான். இடையில் நிறுத்தினான்.

"குடுத்தனான் எண்டே போடுறதோ அன்ரி? கொடுத்தேன் எண்டு...?"

"நான் எப்பவாவது கொடுத்தேன் எண்டு கதைச்சனானோ?"

"இல்லை."

"பிறகென்ன கேள்வி?"

நேற்று தேவாலய மண்டபத்தில் திரையிட்டோம். புது அட்டையில் அன்ரியின் சொற்கள் அப்படியே வந்தன. படம் முடிந்ததும் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் நவரட்ணம் அங்கிள் வாழ்த்துரைக்கு ஏறினார். எழுதிக்கொண்டு வந்ததை விரித்து, "காணாமல் போன எங்கள் உறவுகள்..." என்று தொடங்கினார்.

முன்வரிசையில் அன்ரி எழும்பினார்.

"அங்கிள், நிப்பாட்டுங்கோ. இப்பதானே படம் பாத்தனீங்கள்? ஒருத்தரும் போகேல்லை. ஆமி கொண்டு போனது. முதலிலயிருந்து வாசியுங்கோ."

அங்கிள் தாளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். யாரும் அவருடைய உதவிக்கு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இராணுவம் கொண்டு போன எங்கள் உறவுகள்..."

உரை முடியும்வரை அன்ரி நின்றுகொண்டேயிருந்தார்.