வாய்க்காலுக்குள் இறங்கிய பெரியப்பா

எங்கள் வீட்டில் பெரியப்பா உடுத்திருந்த சாரத்தோடே சலம், அதாவது மூத்திரம், போய்விட்டார் என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார் என்றுதான் சொல்வோம். அந்தப் பேச்சு எப்படி வந்தது, அதனால் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன். நான் பெரிதாகப் படித்தவன் அல்ல. ஆனால் இதைக் கண்ணால் கண்டவன்.

பெரியப்பா என் அப்பாவின் தமையன். முள்ளியவளைப் பக்கத்தில் எங்கள் பகுதி வயல்களுக்குக் குளத்துத் தண்ணீரை முறைப்படி திறந்து விடுகிறவராகப் பல காலம் இருந்தவர். இன்று யாருடைய வயலுக்குத் தண்ணீர், நாளை யாருக்கு என்பது அவர் வாயில்தான் இருந்தது. களவாக வரம்பை வெட்டித் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்புகிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள்தானே. மண்வெட்டியோடு சண்டைக்கு நின்றவர்கள்கூடப் பெரியப்பாவின் சைக்கிள் வருவதைக் கண்டால் நல்ல பிள்ளைகள் மாதிரிப் புல் வெட்டத் தொடங்கிவிடுவார்களாம். மடித்துக் கட்டிய சாரத்தோடு வாய்க்காலில் இறங்கி மடையைத் திறந்துவிட்டு, அநேகமாக நனைந்த சாரத்தோடுதான் அவர் வீட்டுக்கு வருவார்.

பெரியம்மா காலமாகிவிட்டார். ஒரே மகள், எங்களுக்கு அக்கா முறை, கலியாணம் முடித்து வவுனியாவில் இருந்தார். அதனால் பெரியப்பா எங்களோடுதான் இருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் படிக்கிற காலத்தில் அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் ஆட்களின் பெயர்கள் போயின. பிறகு சாப்பிட்டதா இல்லையா என்பது போனது. அதற்குப் பிறகு, வளவின் பின்பக்கம் இருந்த கக்கூசுக்குப் போகிற வழியும் மறந்து போனது. சலம் முட்டினால் எழும்புவார். விறாந்தையில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்ப்பார். தேடிக்கொண்டிருக்கும்போதே காரியம் நடந்துவிடும்.

நடந்ததும் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். யார் தன்மேல் தண்ணீர் ஊற்றியது என்று சத்தம் போடுவார். ஒருமுறை அப்பா மெல்லக் கிட்டப் போய், "அண்ணை, சாரத்தை மாத்துவம் வாங்கோ" என்று கையைப் பிடித்தார்.

"என்ரை சாரத்திலை கை வைக்க நீ ஆரடா?" என்று பெரியப்பா தள்ளிய தள்ளில் அப்பா அலுமாரியோடு போய் மோதினார்.

அதன் பிறகு யாருக்கும் கிட்டப் போகப் பயம். ஈரத்தோடே இருந்து இருந்து அவருக்குத் தொடையெல்லாம் புண்ணாகிவிட்டது.

பகலில் அப்பா வயலுக்குப் போய்விட்டால் வீட்டில் அம்மா மட்டும்தான். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் புருஷனுடைய தமையனுக்கு முன்னால் வந்து நின்று கதைக்க மாட்டார்கள். அம்மா வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பெரியப்பாவோடு கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசியவர். தேத்தண்ணியைக்கூடக் கதிரையில் வைத்துவிட்டு விலகிவிடுவார். அப்படிப்பட்ட அம்மா, அவருடைய நனைந்த சாரத்தை எப்படி மாற்றுவது?

ஒருநாள் மத்தியானம் பெரியப்பா விறாந்தையில் நின்று ஊரைக் கூட்டுகிற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அத்தான், வாய்க்காலுக்கை இறங்கினனீங்களோ? சாரம் நனைஞ்சு போச்சு."

பெரியப்பா சத்தத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து சாரத்தைப் பார்த்தார். "ஓம் பிள்ளை. வரம்பை வெட்டிப்போட்டாங்கள், கள்ளப் பெடியள்."

"கிணத்தடிக்கு வாங்கோ. சேறு போக ரெண்டு வாளி ஊத்திவிடுறன்."

பெரியப்பா மறுபேச்சில்லாமல் கிணற்றடிக்கு நடந்தார். அம்மா சாரத்தோடேயே அவரை நிற்கவைத்து, தலையிலிருந்து தண்ணீரை ஊற்றினார். பிறகு காய்ந்த சாரத்தைக் கல்லில் வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றார். ஆம்பிளைகள் கிணற்றடியில் செய்வதுபோல, பெரியப்பா காய்ந்த சாரத்தைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு ஈரச் சாரத்தைக் கீழே நழுவவிட்டார். எல்லாவற்றையும் மறந்த மனிதருக்கு அது மட்டும் மறக்கவில்லை. அம்மா எதையும் பார்க்கவும் இல்லை, தொடவும் இல்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. புண்களும் ஆறத் தொடங்கின. ஆனால் எனக்கு அம்மாவில் கோபம். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று எங்களை வெருட்டுகிற அம்மா, வாய்க்கால் வறண்டு கிடக்கிற நாளிலும் 'வாய்க்காலுக்கை இறங்கினனீங்களோ' என்று கேட்டால்?

"ஏனம்மா பெரியப்பாவைப் பேய்க்காட்டுறீங்கள்?" என்று கேட்டேன்.

"நீ போய்ப் படி" என்றார் அம்மா.

வேலிக்கு அங்கால் இருந்த மாமிக்கு விஷயம் தெரியாது. அம்மா சொல்லவும் இல்லை. அவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டிப் பகிடி விடுவார். "என்ன பிள்ளை, அத்தாருக்கு இண்டைக்கு இது எத்தினையாம் முழுக்கு? கோயில் ஐயரும் இவ்வளவு முழுகிறேல்லை!" அம்மா சிரித்துச் சமாளிப்பார். மாரி தொடங்கியதும் அந்தப் பகிடி பகிடியாக இருக்கவில்லை. "பாவம் மனிசன், இந்தக் குளிருக்கை போட்டுத் தோய்க்கிறாள்" என்று அவர் சந்தியில் கதைக்கத் தொடங்கினார்.

அந்தக் கதை வவுனியாவுக்கும் போயிருக்க வேண்டும். ஒரு தூறல் நாளில் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். அவர் படலையைத் திறந்தபோது பெரியப்பா கிணற்றடியில் நனைந்துகொண்டு நிற்கிறார். உதடு நடுங்குகிறது. அம்மாவின் கையில் வாளி.

"சித்தி! மழைக்கை நிக்கவைச்சு என்ன செய்யிறியள்?"

அம்மா மூன்று சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியப்பா அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரை ஒருமுறை பார்த்தார்.

"புழுக்கமா இருக்கெண்டு அவர்தான் குளிக்க ஆசைப்பட்டவர், பிள்ளை."

மழை பெய்கிற மார்கழியில் புழுக்கம்! இதைவிட மோசமான ஒரு பொய்யை அம்மா தேடியும் கண்டுபிடித்திருக்க முடியாது. அக்கா அழுதுகொண்டே தன் தோளிலிருந்த துவாயால் பெரியப்பாவின் தலையைத் துவட்டினார். "பாக்கேலாட்டி ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே சித்தி. என்ரை அப்பாவை நான் பாப்பன்தானே!" வேலிக்கு அங்காலிருந்து மாமி, "நானும் எத்தினை தரம் சொன்னனான், கேட்டாத்தானே" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டேன்.

பொழுதுபட அப்பா வந்தார். அக்கா தன் முடிவைச் சொன்னார். அப்பாவுக்காவது உண்மையைச் சொல்ல வாய் வந்திருக்க வேண்டும். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "மகள் தேப்பனைக் கூட்டிக்கொண்டு போறதிலை என்ன பிழை?" என்றார். ஊருக்கே தண்ணீர் பங்கிட்டுக் கொடுத்த மனிதரைப் பற்றி, அவர் பெற்ற பிள்ளையிடம், அவருக்குச் சலம் அடக்கத் தெரியவில்லை என்று சொல்வது எப்படி? அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல் கடைசிவரைக்கும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் வான் வந்தது. துணைக்கு அப்பாவும் ஏறிக்கொண்டார். அக்கா கொண்டுவந்த பிஸ்கட் பெட்டி என் கையில் இருந்தது. முன் அறையில் இனி அந்தச் சல மணம் இருக்காது என்பதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வான் புறப்படுகிற நேரத்தில் அம்மா யன்னலோரம் போனார்.

"பிள்ளை, வழியிலை ஓமந்தையிலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

"ஏன் சித்தி?"

அம்மா கொஞ்சம் தடுமாறினார். "அவருக்கு… ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுங்கோ."

வவுனியா வரைக்கும் பெரியப்பாவால் தாங்க முடியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு அம்மாவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அக்கா தலையாட்டினார், நேற்றைய கோபம் இன்னும் முகத்தில் இருந்தது.

பிறகு நடந்ததை அக்காவே எங்களுக்குச் சொன்னார். அவருடைய வீட்டில் மாபிள் பதித்த குளியலறை இருந்தது, கிணறு இல்லை. மேலிருந்து தண்ணீர் கொட்டினால் பெரியப்பா பயந்து கத்துவார். குழந்தைகளுக்குக் கட்டுவதுபோல பம்பஸ் கட்டினால் பிய்த்து எறிவார். சாரத்தில் யார் கை வைத்தாலும் அடிப்பார். அக்காவுக்கு வாய்க்கால் கதை தெரியாது, நாங்கள் சொல்லிவிடவும் இல்லை. சில காலத்தில் பெரியப்பா கதிரையை விட்டு எழும்புவதையே நிறுத்திக்கொண்டார். பெரியப்பாவின் செத்த வீட்டில் அக்கா அம்மாவின் தோளில் விழுந்து, "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே சித்தி" என்று அழுதார். முன்பு சொன்ன அதே சொல்தான், ஆனால் அதில் இப்போது கோபம் இல்லை. பிள்ளைகளே, ஒருவரின் மானத்தைக் காப்பாற்ற நினைத்து நாங்கள் மூடி வைத்தது, அவரைப் பராமரிக்கிற வழியையும் சேர்த்து மூடிவிட்டது. அவரைப் பராமரிக்கப் போகிறவரிடம் மட்டுமாவது சொல்லியிருக்க வேண்டும்.

இதெல்லாம் பிறகு விளங்கியது. வான் போன அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்பா பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"ஓமந்தையிலை நிப்பாட்டினவையோ?"

"இல்லை. தேத்தண்ணி வீட்டை போய்க் குடிக்கலாமெண்டு பிள்ளை சொல்லிப்போட்டுது." அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. "நான் நிப்பாட்டச் சொல்லியிருக்கலாம். ஏனெண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

"பிறகு?"

அப்பா சோற்றைத் தள்ளி வைத்தார். அம்மா மறுபக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

ஒரு தேத்தண்ணிக்காக இரண்டு பெரிய ஆட்கள் இப்படி இருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிஸ்கட்டை மென்றுகொண்டே அம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன்.

"அக்கா வீட்டை நல்ல பால் தேத்தண்ணி குடுத்திருப்பாவம்மா. நீங்கள் ஏன் அழுறீங்கள்?"