ஸ்டார்ட்டரை நான் எடுக்கவில்லை

அந்த ஸ்டார்ட்டரை நான் எடுக்கவில்லை. எனக்குப் பேரன் பிறந்துவிட்டான். இன்னும் எங்கள் ஓடைப்பட்டி வீட்டு விசேஷங்களில் யாராவது சிரித்துக்கொண்டே அந்தப் பேச்சை எடுத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாவற்றுக்கும் சித்தப்பாதான் காரணம். சின்னமனூரில் டியூப்லைட் வாங்கி வந்து மாட்டிவிட்டு, முன்னறையில் நன்றாக எரிந்துகொண்டிருந்த குண்டு பல்பை மாட்டுத்தொழுவத்துக்கு அனுப்பினார். “குண்டு பல்பு கரண்டக் குடிக்கும் மதினி. இது பாதி கரண்டுல பட்டப்பகலாக்கிப்புடும்.” அம்மா நம்பவில்லை. பல்பு சுவிட்சைப் போட்டதும் எரியும். இதுவோ மூன்று தரம் கண் சிமிட்டி, மனது வந்தால்தான் எரியும். திராட்சைத் தோட்டங்களில் மோட்டார் ஓடும் நேரத்தில் மனதே வராது. அப்போது நான் ஸ்டூலில் ஏறி, ஓரத்தில் இருக்கும் கட்டைவிரல் பருமனான ஸ்டார்ட்டரை லேசாகத் திருகிவிடுவேன். விளக்கு பிடித்துக்கொள்ளும். எனக்குத் திட்டு விழும். என் பெயர் கெட்டது அப்படித்தான்.

அந்த ஐப்பசியில் அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். போடியிலிருந்து பெண் பார்க்க வருவதாக ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏலக்காய் வியாபாரக் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பதில் பெரிய ஆள்.

“போன எடத்துல பால் திரிஞ்சுபோச்சுன்னு காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டாகளாம்” என்று சித்தப்பா சொல்லிச் சிரித்தார். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வந்த சாயங்காலம் மழை மேகத்தில் வீடே இருட்டிக் கிடந்தது. சித்தப்பா பெருமையாகச் சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. வோல்டேஜ் கம்மி என்றார். பின்வாசல் வழியாகத் தொழுவத்துக் குண்டு பல்பு எரிவது எல்லோருக்கும் தெரிந்தது.

“மாட்டுக்கு வெளிச்சம் இருக்கு, பொண்ணு பாக்குற எடம் இருட்டாக் கெடக்கு. எனக்கென்னமோ சரியாப் படல” என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

சித்தப்பா ஸ்டூலில் ஏறித் தடவினார். ஸ்டார்ட்டர் இருந்த இடம் காலி. இறங்கிய வேகத்தில், ஒரு வார்த்தை கேட்காமல், அத்தனை பேர் முன்னால் என் கன்னத்தில் அறைந்தார். “எங்க ஒளிச்சு வச்ச? எடுத்துத் தா!”

உள்ளறைக்கு ஓடி, பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த அக்கா மடியில் முகத்தைப் புதைத்து அழுதேன். அவள் முந்தானை முடிச்சில் ஏதோ கெட்டியாகக் கன்னத்தில் இடித்தது. அவிழ்த்தேன்.

“வேணாம்டி. என் தங்கம்ல, வேணாம்டி.” அக்கா என் கையை இறுக்கிப் பிடித்ததில் என் வளையல் ஒன்று உடைந்தது. உதறிக்கொண்டு ஓடினேன்.

“நான் எடுக்கல! இந்தா இருக்கு!”

எங்கிருந்து கிடைத்தது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! “பாத்தீகளா, இந்தக் கழுததான் எடுத்து வச்சிருக்கு” என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். விளக்கு மூன்று தரம் சிமிட்டிப் பளீரென்று எரிந்தது. “சின்னப்புள்ள சேட்டையா!” என்று அந்த அம்மாவும் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அக்காவைக் கூப்பிட்டார்கள். இப்போதாவது உண்மையைச் சொல்வாள் என்று பார்த்தேன். தரையைப் பார்த்தபடி வந்து வெளிச்சத்தில் நின்றாள்.

தையில் கல்யாணம். அதுவரை நான் அவளோடு பேசவே இல்லை. போடிக்குக் கார் கிளம்பும்போது ஜன்னலில் கையை நீட்டி என்னைத்தான் கூப்பிட்டாள். போகாமல் தொழுவத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு நிச்சயமாக நம்பினேன்.