நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: நான், என்னோடு வேலை பார்த்த முத்துமாரி, முதலாளி பிரபு, நகராட்சி வார்டுக்குச் சுயேச்சையாக நின்ற பட்டாளத்தார், அவருடைய மச்சினர் செல்வம், சாப்பாடு ஏற்றி வந்த லோடு ஆட்டோ டிரைவர். ஆக ஆறு பேர். சுவரோரம் இரும்பு ரேக்குகளில் நூற்றிருபது செல்போன்கள். அவற்றை ஆள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் எங்கள் தொழிலில் தீராத சிக்கல்.

உங்கள் போனிலும் பொழுது விடிந்ததும் யாரோ ஒருவர், ‘அண்ணன் பின்னால் அணிதிரள்வோம்’ என்று எழுதியிருப்பார். இவர் யார், எந்த ஊர், நம்மிடம் ஏன் வந்து கத்துகிறார் என்று மண்டையைக் குழப்பியிருப்பீர்கள். அவர் ரேக்கில் இருக்கிற ஒரு போன். அதற்குச் சார்ஜ் ஏற்றியவன் நான். நீங்கள் அந்தப் பக்கம் பட்டீர்கள், நான் இந்தப் பக்கம் பட்டேன். ஆகவே நமக்குள் பேசிக்கொள்ளலாம்.

உட்காரத் தெரியாதவன்

எட்டாம் வகுப்போடு ராஜபாளையத்து நூல் மில்லில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். ஸ்பின்னிங்கில் எங்கள் வேலை நடப்பது. இரண்டு பக்கமும் நூல் கதிர்கள் சுற்றும். நடுவில் நடந்துகொண்டே, நூல் அறுந்த இடத்தில் நின்று ஒட்டிவிட்டு மேலே போக வேண்டும். அறுந்த இழையைப் பார்த்த பிறகு கடந்துபோகக் கை விடாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பிரபு ஆபீஸ் போட்டிருந்தான். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்த பையன். ஆள் இல்லாத போன்களிலிருந்து பட்டாளத்தாரைப் புகழ்ந்து எழுதச் செல்வம்தான் அவனிடம் பேசி முடித்திருந்தார். எழுதுவதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். போன்கள் சூடாகாமல், நின்றுபோகாமல் பார்ப்பது மட்டும் என் வேலை. நாற்காலி போட்டிருந்தார்கள். நானோ பழக்கதோஷத்தில் ரேக்குகளுக்கு நடுவே காலையிலிருந்து மாலைவரை நடந்துகொண்டே இருந்தேன். பிரபு பயந்துவிட்டான். முத்துமாரி அவனுக்குச் சமாதானம் சொன்னாள்: “விடுங்க தம்பி. அண்ணாச்சி மில்லுல உக்காந்தா மெமோ குடுத்திருப்பாவ. அந்தப் பயம் இன்னும் போகல.”

மாமியாருக்கு வந்த மவுசு

ஒவ்வொரு போனுக்கும் ஒரு பெயர் வேண்டும். பெயர் வைக்கும் பொறுப்பு முத்துமாரியுடையது. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், பட்டாளத்தாரின் வார்டுக்காரி. முதல் நாற்பது பெயர்களைக் கடகடவென்று வைத்தாள். அதன்பிறகு சொந்தக்காரர்கள் தீர்ந்துபோய், தெருக்காரர்கள், தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று போனாள். பதினேழாம் நம்பர் போனுக்குத் தன் மாமியார் வெள்ளத்தாயின் பெயரை வைத்து, கல்யாண போட்டோவிலிருந்து படமும் எடுத்துப் போட்டிருந்தாள்.

வெள்ளத்தாயிடம் இருப்பது பட்டன் போன். ஆனால் பதினேழாம் நம்பர் வெள்ளத்தாய், ‘பட்டாளத்தார் அண்ணனுக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்று தினமும் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் செட்டியார்பட்டியிலிருந்து உறவுக்காரப் பெண் ஒருத்தி பழம், பலகாரத்தோடு வந்து அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டாளாம். “மதினி, அவிய உங்களுக்கு அம்புட்டு வேண்டப்பட்டவியன்னு ஊரே சொல்லுது. எங்கிட்ட மட்டும் மறைச்சிட்டீயளே. எம் மவனுக்கு ஒரு வேலைக்குச் சொல்லுங்க.”

இழவு வீட்டில் மகிழ்ச்சி

வார்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பட்டாளத்தார் மாலை போட்ட படத்தைச் செல்வம் எடுத்துப் போட்டார். படத்தில் இருப்பது மாலையா, யாருக்கு மாலை என்றெல்லாம் எங்கள் கம்ப்யூட்டர் பார்க்காது. அண்ணன் படம் வந்தால் நூற்றிருபது பேரும் எழுத வேண்டும், எழுதினார்கள்: ‘மகிழ்ச்சி அண்ணா!’, ‘இது ஆரம்பம்தான்!’, ‘இன்னும் பல காண வாழ்த்துகள்!’

இறந்தவரின் மகன் எப்படியோ ஆபீஸ் நம்பரைப் பிடித்துவிட்டார். பிரபு வெளியே போயிருந்தான். போனை எடுத்தது என் விதி. தெரியாதவர்களிடம் பேசவே எனக்குக் கூச்சம். நான் “ஐயா, ஐயா” என்றதற்கு மேல் போகவில்லை. அவர் கத்தவில்லை. அமைதியாகத்தான் கேட்டார்: “எங்கய்யா செத்ததுல நூத்தி இருவது பேருக்கு மகிழ்ச்சியாம். சந்தோசம். அட்ரஸ் மட்டும் குடுங்க, பதினாறாம் நாளுக்கு நேர்ல வந்து கூப்பிடணும்.”

பதில் போடுகிற மனிதர்

பட்டாளத்தார் ராணுவத்தில் துப்பாக்கி பிடித்தவர் இல்லை, சமையற்கூடத்தில் கரண்டி பிடித்தவர். ‘நம்ம பசங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆபீஸ் போட்டு உங்களுக்காக உழைக்காங்க’ என்று செல்வம் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். பையன்கள் எழுதுகிறார்கள், நாம் பதில் போடாமல் இருக்கலாமா? காலையில் உட்கார்ந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, தன் விரலால், ‘வணக்கம், சாப்பிட்டீங்களா?’ என்று எழுதுவார். நூற்றிருபதாவது ஆளுக்கு எழுதி முடிக்கும்போது உச்சி வெயில் வந்துவிடும். அந்த நேரத்தில் எதிர்த்து நிற்கிறவர்கள் நாலு தெரு சுற்றியிருப்பார்கள். ஓட்டுப்பதிவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. இவர் இன்னும் ஒரு வீட்டுப் படி ஏறவில்லை.

இது எனக்கு உறுத்தியது. முதலாளியைத் தாண்டிப் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. முத்துமாரிக்கோ கோபம். “நான் அவியளுக்குத்தான் ஓட்டுப் போடணும்னு இருக்கேன், அண்ணாச்சி. அவிய எங்க தெருவுக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கணுமா வேண்டாமா? போனுக்கெல்லாம் சாப்பிட்டியான்னு கேக்குதாவ, எங்கள ஒருத்தரும் கேக்கல.”

எழுபத்து மூன்றாம் நம்பர்

ஒருநாள் மத்தியானம் எழுபத்து மூன்றாம் நம்பர் போன் கம்ப்யூட்டரோடு தொடர்பு அறுந்து நின்றுவிட்டது. மற்ற போன்களெல்லாம் ‘வெற்றி நமதே’ என்று பதில் சொல்லிவிட்டன. இதில் மட்டும் ‘சாப்பிட்டீங்களா?’ என்ற கேள்வி அப்படியே கிடந்தது. பிரபு வர நேரமாகும். கேட்ட மனுசனை எப்படி அந்தரத்தில் விடுவது? ஒட்டித்தானே பழக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்தி, உள்ளதைச் சொன்னேன்: ‘இன்னும் இல்லை ஐயா.’

செல்வம் பிறகு வந்து புலம்பியதில்தான் தெரிந்தது. இத்தனை வாரத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது அன்றுதான் முதல் முறையாம். அதுவும் இப்படி ஒரு பதில். மணி மூன்றாகியும் பையன் சாப்பிடவில்லை என்றால் மற்ற பையன்கள்? பட்டாளத்தார் நேரே அடுப்படிக்குப் போய் அண்டாவைத் தேட ஆரம்பித்துவிட்டாராம். “பட்டினி கெடந்தா எனக்கு வேலை பாக்கானுவ? செல்வம், நாளைக்கு அம்புட்டுப் பேருக்கும் என் கையால சோறு.”

பந்தி

மறுநாள் நூற்றிருபது பொட்டலம் மாடி ஏறியது. முட்டை வைத்த சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு பொரியல். பட்டாளத்தார் சட்டைக் கையை மடித்துவிட்டு, “பசங்க எங்க?” என்றார். செல்வம் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். பிரபு, “எல்லாரும் ஆன்லைன்ல இருக்காங்க சார்” என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் ரேக்கைக் கைகாட்டினேன்.

அவர் மெதுவாக என் நடைபாதையில் நடந்தார். ஒவ்வொரு போனிலும் ஒட்டியிருந்த பெயரைப் படித்துக்கொண்டே போய் எழுபத்து மூன்றில் நின்றார். “இன்னும் சாப்பிடலன்னு சொன்னது?” நான் கையைத் தூக்கினேன். அவர் டிரைவர் உட்பட எங்கள் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறினார். பிரபுவுக்கு இரண்டாவது முட்டை வைத்தார். அந்தப் பையன் தலை நிமிரவே இல்லை. கடைசியாகத் தானும் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார்.

கை கழுவியதும் முத்துமாரியிடம் கேட்டார், “இதுல ஒருத்தராவது நெசமா இருக்காவளாம்மா?”

“பதினேழாம் நம்பர் எங்க மாமியா. அவியளுக்கு ஓட்டு இருக்கு. எங்க வீட்டுல மொத்தம் அஞ்சு.”

“அவிய சாப்பிட்டாவளா?”

“அத எங்கிட்ட ஏன் கேக்கீய? அஞ்சு மணி பஸ்ஸுல ஏறி, எங்க வீட்டுக்கு வந்து அவியகிட்டயே கேளுங்க!”

முடிவு வந்த அன்று

அந்தப் பஸ்ஸிலேயே ஏறினார். மிச்சமிருந்த ஒரு வாரமும் தெருத்தெருவாக நடந்தார். முத்துமாரியின் தெருவில் மட்டும் மூன்று முறை. போனைச் செல்வத்திடமே விட்டுவிட்டார். இருந்தாலும் நாள் போதவில்லை, இரண்டாவதாகத்தான் வந்தார். இன்னொரு வாரம் முன்னால் வந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று முத்துமாரி தெருவில் இன்றுவரை பேசுகிறார்கள்.

பிரபு கம்ப்யூட்டரை முன்பே முடுக்கி வைத்திருந்தான். முடிவு வந்த நிமிடமே நூற்றிருபது போன்களும் ‘மாபெரும் வெற்றி! வாழ்த்துகள் அண்ணா!’ என்று கொண்டாடத் தொடங்கிவிட்டன. நிறுத்தத் தெரியாமல் நான் ஒவ்வொன்றாகச் சார்ஜர் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் போன் அடித்தது. பட்டாளத்தார்தான். “பசங்க ரொம்ப சந்தோசமா இருக்கானுவ போல. இருக்கட்டும், கத்தட்டும். நீங்க சாப்பிட்டீயளா அண்ணாச்சி?”

நூற்றிருபது பேர் வாழ்க சொன்ன எங்கள் ஆபீஸில் அந்தப் பந்தியன்று இலைக்கு முன்னால் உட்கார முடிந்தவர்கள் ஆறு பேர்தான், மீந்தது நூற்றுப் பதினான்கு பொட்டலம்.